150 சொல்லுக்குள் ஒரு கேள்வி

போன வாரம் கல்லூரி ஜூனியர் ஒருத்தி வாட்ஸப்பில் கேட்டாள். "அக்கா, அந்த டெல்லி ஃபெலோஷிப்புக்கு அப்ளை பண்ணலாமா? நிஜமாவே ஏதாவது கத்துக்க முடியுமா, இல்ல எம்.பி. வீட்டுல ஃபைல் தூக்கற வேலையா? அப்ளிகேஷன் கட்டுரைல என்ன எழுதறது?" பதில் தட்ட ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நான்கு மெசேஜ் தாண்டி ஐந்தாவதில் நின்றுகொண்டிருக்கிறேன், இன்னும் டெல்லியில் நான் இருந்த முனிர்கா வீட்டு வாடகைக்கே வரவில்லை. அதனால் இங்கேயே எழுதி லிங்க் அனுப்பி விடலாம் என்று முடிவு செய்தேன்.

அவள் கேட்டது லாம்ப் ஃபெலோஷிப்பைப் பற்றி. டெல்லியில் பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்று ஓர் ஆய்வு அமைப்பு இருக்கிறது, 2005-இல் தொடங்கியது. நாடாளுமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு மசோதாவையும் படித்து எந்தக் கட்சிச் சாய்வும் இல்லாமல் விளக்கம் எழுதுவது அவர்கள் வேலை. 2010 முதல் வருடா வருடம் பட்டம் முடித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆளுக்கு ஓர் எம்.பி.யிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்த்து விடுகிறார்கள். மழைக்காலக் கூட்டத்தொடருக்கு முன்னால் ஆரம்பித்து பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும்வரை, கிட்டத்தட்ட பத்துப் பதினொரு மாதம். எந்தப் பாடம் படித்திருந்தாலும் சரி, வயது மட்டும் 25-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. எந்தக் கட்சி, எந்த மாநில எம்.பி. என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். எனக்கு வாய்த்தவர் வடக்கே ஒரு மாநிலத்துக்காரர், முதல்முறை எம்.பி. அருப்புக்கோட்டையிலிருந்து போன எனக்கு அவர் தொகுதியை மேப்பில் காட்டச் சொல்லியிருந்தால் திணறியிருப்பேன்.

நான் போனது 2022 ஜூனில். நாடாளுமன்றத்தின் அந்தப் பழைய வட்டக் கட்டிடத்திலேயே மூன்று கூட்டத்தொடரையும் பார்த்த கடைசி பேட்ச் எங்களுடையது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1927 ஜனவரியில் திறந்த கட்டிடம், சுற்றிலும் 144 தூண். எங்களுக்கு அடுத்து வந்தவர்கள் பாதி வருடத்திலேயே புதிய கட்டிடத்துக்கு மாறிவிட்டார்கள்.

வீட்டில் சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அங்க போய் யாருக்கோ பி.ஏ. வேலை பாக்கவா எக்கனாமிக்ஸ் படிச்ச?" அம்மா எதுவும் கேட்கவில்லை, பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் தலா ஒரு கிலோ கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஹிந்தி பிரச்சினையே இல்லை என்று நான்தான் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன், பிரசார சபாவில் ராஷ்ட்ரபாஷா வரை பாஸ் பண்ணியவள் அல்லவா. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டெல்லி ஸ்டேஷனில் இறக்கிவிட்ட பத்தாவது நிமிடம், ஆட்டோக்காரர் கேட்ட முதல் வாக்கியத்திலேயே அந்த சர்டிபிகேட் காலாவதியாகிவிட்டது.

முதலில் வகுப்புகள். பிஆர்எஸ் அலுவலகம் ஐ.டி.ஓ. பக்கம் தீன்தயாள் உபாத்யாயா மார்க்கில், கந்தர்வ மகாவித்யாலயா கட்டிடத்தின் மூன்றாவது மாடி. அது ஓர் இசைப்பள்ளி. மேலே நிதி மசோதாவுக்கும் பண மசோதாவுக்கும் என்ன வித்தியாசம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் ஆட்கள், கீழே ஸ்வரம் பழகும் குழந்தைகள். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. பட்ஜெட் ஆவணத்தை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும், நிலைக்குழு (துறைவாரியாக அலசும் எம்.பி.கள் குழு) அறிக்கையில் எந்தப் பகுதியில் விஷயம் இருக்கும், மசோதாவில் 'நிர்ணயிக்கப்பட்டவாறு' என்று வந்தால் ஏன் உஷாராக வேண்டும் (அதாவது நிஜமான விதியை அரசு பிற்பாடு எழுதிக்கொள்ளும், நாடாளுமன்றம் இப்போது பாதிக் காகிதத்துக்குத்தான் கையெழுத்துப் போடுகிறது), இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வருடம் பொருளாதாரம் படித்தேன், மானியக் கோரிக்கை (ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் பணம் கேட்பது) என்ற காகிதத்தைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். கூட்டத்தொடர்களுக்கு நடுவிலும் அவ்வப்போது வகுப்புகள், பட்டறைகள் உண்டு. ஆனால் படித்தது எதற்கு என்று புரிவது எம்.பி. வீட்டு முன்னறையில் உட்கார்ந்த பிறகுதான்.

எங்களுடையது நார்த் அவென்யூ ஃபிளாட். காலை எட்டு மணிக்கெல்லாம் முன்னறை நிறைந்துவிடும். எய்ம்ஸில் டேட் வாங்கித்தரச் சொல்லி ஒருவர், வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை எமர்ஜென்சி கோட்டாவில் உறுதி செய்ய லெட்டர் கேட்டு ஒருவர், கேந்திரிய வித்யாலயா சீட்டுக்கு ஒருவர். எம்.பி. கோட்டா சீட்டை 2022 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, "நீங்க நினைச்சா முடியும்" என்பார்கள். இதையெல்லாம் சமாளிப்பவர் எங்கள் பி.ஏ. சாப். இருபது வருடமாக இதே வேலை, எம்.பி.கள் மாறுவார்கள், இவர் மாறமாட்டார். என்னை முதல் வாரம் 'தமிழ்நாடு' என்று கூப்பிட்டார், இரண்டாவது வாரத்திலிருந்து 'பேட்டா', அதாவது 'பிள்ளை'. நான் பெரும்பாலும் அவரிடம் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஃபெலோஷிப்பில் நான் கற்றது ஒன்றே ஒன்றுதான், அது கேள்வி கேட்பது. மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். எல்லோருடைய நோட்டீஸையும் போட்டுக் குலுக்கல். தேறுகிறவற்றில் 20 நட்சத்திரக் கேள்வி, அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். 230 நட்சத்திரமில்லாதவை, எழுத்தில் பதில். கேள்வி 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. வாதம் இருக்கக் கூடாது, கிண்டல் கூடாது, யூகம் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது. முதல் தடவை இந்தப் பட்டியலைப் படித்தபோது நம் ஊரில் மனிதர்கள் கேள்வி என்று கேட்பதில் முக்கால்வாசி இதில் அடிபட்டுப் போகுமே என்று தோன்றியது.

நான் எழுதிய முதல் கேள்வி ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் இல்லாதது பற்றி. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பி.ஏ. சாப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "பேட்டா, இது கேள்வி இல்லை, கட்டுரை." என் ஆத்திரத்தையெல்லாம் அடித்துவிட்டு வழக்கமான அச்சில் வார்த்தார். (அ) இன்னது உண்மையா, (ஆ) ஆம் எனில் விவரம் என்ன, (இ) இல்லை எனில் காரணம் என்ன. பதில் வந்தது. "(அ) முதல் (இ) வரை" என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இது மாநிலப் பட்டியலில் வரும் பொருள் என்று முதல் வரி, அதன் பிறகு ஒன்றரைப் பக்கம் திட்டங்களின் பெருமை. கேட்டது டாக்டர், கிடைத்தது பிரசுரம். அன்றைக்கு எனக்குக் கோபம் அமைச்சகத்தின் மேல், ஆனால் தப்பு என்னுடையது. உண்மையா என்று கேட்டால் ஆமாம் இல்லை என்று சொல்லாமல் தப்பிக்க நூறு வழி இருக்கிறது. அவர்கள் கையில் ஏற்கெனவே என்ன காகிதம் இருக்கிறதோ அதைக் கேட்க வேண்டும். மத்திய அரசு பணம் அனுப்புகிறது என்றால், அனுப்பிய தொகைக்குக் கணக்கு வைத்திருக்கும். மாவட்ட வாரியாக, ஆண்டு வாரியாக, மூன்று ஆண்டுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், எவ்வளவு செலவாயிற்று என்று கேள், மாநிலப் பொருள் என்று ஒதுங்க முடியாது.

இரண்டாவது கேள்வியை அப்படி எழுதினேன். அட்டவணையோடு பதில் வந்தது. எங்கள் தொகுதி மாவட்டத்தின் வரிசையில் மூன்று ஆண்டும் ஒரே எண், கடைசி இலக்கம் வரை. யாரோ ஒருவர் முதல் வருடத்து எண்ணை இழுத்து நிரப்பியிருக்கிறார். எம்.பி. அதை அவையில் சொல்லவில்லை, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தொகுதிக்குப் போனார். மாவட்டத்தில் திஷா என்று ஒரு கண்காணிப்புக் குழு இருக்கிறது, மத்தியத் திட்டங்களைப் பரிசீலிக்க, எம்.பி.தான் தலைவர். அங்கே அதிகாரிகள் முன்னால் விரித்து வைத்தாராம். என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு "ஏசி போட்டிருந்தும் வேர்த்தது" என்றார். ஒரு நட்சத்திரக் கேள்வியும் எங்களுக்கு விழுந்தது, வரிசையில் பதினான்காவது. கேள்வி நேரத்தில் நாலைந்து கேள்வியைத் தாண்டுவதே அபூர்வம், அன்றைக்கு அதுவும் இல்லை, கூச்சலில் அவை ஒத்திவைப்பு. துணைக்கேள்வி நான்கு தயார் செய்து வைத்திருந்தேன். இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

டிசம்பரில் ஒரு வாரம் மட்டும் நான் வேறு ஆளாக இருந்தேன். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா வந்தது. எம்.பி.யின் மாநிலத்திலும் இதே மாதிரி காத்திருக்கும் சமூகங்கள் இருந்ததால் அவருக்கு ஆர்வம், "இது உன் ஊர் விஷயம், ஒரு பக்கத்தில் கொடு" என்றார். ஒரு பக்கம்! அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஊசி பாசி விற்பவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறேன், ஆனால் அவர்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். இந்தப் பட்டியல்களைத் திருத்துவது பற்றி ஆராய்ந்த லோகூர் குழு 1965-லேயே பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. அரசியல் சட்டம் 342-ஆவது பிரிவின்படி அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றச் சட்டத்தால் மட்டுமே முடியும். அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், இந்தியத் தலைமைப் பதிவாளர் ஒப்ப வேண்டும், தேசியப் பழங்குடியினர் ஆணையம் ஒப்ப வேண்டும், அமைச்சரவை ஒப்ப வேண்டும். ஐம்பத்தேழு வருடம். பதினொரு பக்கம் எழுதி, ஆறாக்கி, இரண்டாக்கி, விடிகாலை மூன்று மணிக்கு ரூம் ஹீட்டர் முன்னால் குந்திக்கொண்டு ஒன்றாக்கினேன். எம்.பி.க்கு மூன்று நிமிடம் கிடைத்தது. என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைப் பயன்படுத்தினார், 1965 என்று அவர் சொன்னதை டிவியில் பார்த்து நானும் ரூம்மேட்டும் கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வந்துவிட்டார். அந்த மாதமே இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது. ஊருக்கு லீவில் போனபோது பஸ் ஸ்டாண்டில் வழக்கமாக உட்காரும் அந்த அம்மாவிடம் சொன்னேன். "சர்டிபிகேட் எப்பம்மா குடுப்பாங்க?" என்றார். அதற்கு என் ஒரு பக்கத்தில் பதில் இல்லை.

சந்தோஷத்தைச் சொன்னால் மார்ச் மாதத்தையும் சொல்ல வேண்டும். 2023 பட்ஜெட் பிப்ரவரி 1. அதன் பிறகு ஒரு மாத இடைவேளை, நிலைக்குழுக்கள் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கையை அலசும் காலம். எங்கள் பேட்ச் முழுக்கப் பேய் மாதிரி வேலை செய்தோம். நான் ரயில்வேக்கு எழுதினேன், போன வருடம் ஒதுக்கியது, செலவழித்தது, தொகுதியில் நிற்கும் மேம்பாலம் எல்லாம். மார்ச் 23 அன்று மக்களவையில் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல், அமளிக்கு நடுவில் எல்லாக் கோரிக்கையையும் ஒரே மொத்தமாக வாக்கெடுப்புக்கு விட்டார்கள். இதற்குப் பெயர் கில்லட்டின், அதாவது தலை வெட்டும் இயந்திரம், பேர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட், சில நிமிடத்தில் முடிந்தது. எங்கள் வாட்ஸப் குரூப்பில் அன்றைக்கு யாரும் எதுவும் போடவில்லை. ஆளுங்கட்சி எம்.பி.யிடம் இருந்தவர்களுக்கும் எதிர்க்கட்சி எம்.பி.யிடம் இருந்தவர்களுக்கும் அன்று ஒரே மாதிரி முகம்.

அதே நாடாளுமன்றத்தில்தான் வெள்ளிக்கிழமை மதியம் தனிநபர் மசோதா என்று ஒன்று நடக்கும். அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினரும் சட்டம் கொண்டுவரலாம். சுதந்திரத்துக்குப் பிறகு பதினான்குதான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970-இல். பாதி நாற்காலி காலியாக இருக்கும், எம்.பி.கள் விமானத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். ஆனாலும் ஃபெலோக்கள் எல்லோரும் ஆசையாக எழுதும் வேலை இதுதான். 2015 ஏப்ரலில் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியதே, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஓர் அவையைத் தாண்டிய தனிநபர் மசோதா, அதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் ஒருவரையொருவர் உசுப்பேற்றிக்கொள்வோம்.

சரி, காசு. என் காலத்தில் உதவித்தொகை மாதம் இருபதாயிரம் ரூபாயை ஒட்டி. முனிர்காவில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட், என் பங்கு 8,500, கரண்ட் தனி. மெட்ரோவில் ஹோஸ் காஸ் போய் மாறி மத்தியச் செயலகம். கூட்டத்தொடர் நாட்களில் இரவு திரும்ப நேரமாகும், ஆட்டோவுக்கு அழ வேண்டியிருக்கும். டெல்லியில் குளிருக்கு உடுப்பு வாங்குவது ஒரு தனி முதலீடு, நம் ஊர் ஸ்வெட்டர் அங்கே பனியன். மாதக் கடைசியில் அம்மாவின் பொடிதான் காப்பாற்றியது, அப்புறம் ஆர்.கே.புரம் மலை மந்திரில் கிருத்திகைப் பிரசாதம். இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், வீட்டிலிருந்து மாதம் நாலைந்தாயிரமாவது வரும் என்ற தைரியம் இல்லாமல் அந்த வருடத்தை ஓட்டுவது கஷ்டம். என் பேட்சில் நிறையப் பேருக்கு டெல்லியிலேயே வீடு இருந்தது, இல்லாவிட்டால் அப்பாவுக்குப் பென்ஷன் வரும் உத்தியோகம். கைத்தறி, விசைத்தறி வீட்டிலிருந்து நான் ஒருத்தி. அப்ளை பண்ணாதே என்று சொல்லவில்லை, கணக்குப் போட்டுவிட்டு வா.

எம்.பி.யைப் பொறுத்தும் நிறைய இருக்கிறது. எனக்கு நல்லவர் கிடைத்தார், நான் எழுதியதைப் படித்தார், திருப்பிக் கேள்வி கேட்டார். வேறு சிலருக்குப் பிறந்தநாள் வாழ்த்து ட்வீட்டும் திறப்பு விழாப் பேச்சுமாகவே வருடம் ஓடியது. அது ஒரு குலுக்கல், நாடாளுமன்றக் கேள்வி மாதிரியேதான். டெல்லி வேண்டாம், சென்னையிலேயே இருக்கலாம் என்றால் தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் இருக்கிறது. இரண்டு வருடம், துறைகளோடு வேலை, கூடவே பொதுக் கொள்கையில் சான்றிதழ்ப் படிப்பு, தமிழ் தெரிந்திருக்க வேண்டும். திட்டம் தரையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் அது. சட்டம் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பிறக்காமல் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் இது.

விண்ணப்பக் கட்டுரை பற்றிக் கேட்டிருந்தாய். தேசத்துக்குச் சேவை என்று ஆரம்பிக்காதே. உன் ஊரில் உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை எடு, அதில் யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று எழுது. நான் எழுதியது நூல் விலை. 2022 ஏப்ரலில் பஞ்சு இறக்குமதி வரியை நீக்கினார்கள், அதற்கப்புறமும் எங்கள் தெருவில் ஏன் நூல் மலிவாகவில்லை என்று எழுதினேன். இன்டர்வியூவில் முழு நேரமும் அதையேதான் குடைந்தார்கள், நல்லவேளை அப்பாவிடம் கேட்டு வைத்திருந்தேன். பி.ஏ. வேலையா என்று கேட்ட அதே அப்பாதான்.

கடைசிக் கூட்டத்தொடரில் நான் எழுதிய ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அங்கன்வாடிக் கட்டிடங்கள் பற்றியது, 118 சொல். பி.ஏ. சாப் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை, டீ சொன்னார். தப்பிக்க எந்த இடுக்கும் இல்லாத கேள்வி என்று இருவருமே நினைத்தோம். பதில் ஒரே வரி. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்." ஓர் இடுக்கு இருந்திருக்கிறது! ஆனால் அமைச்சர் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், பார்ப்பதற்கு அரசின் உறுதிமொழிகள் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது, மக்களவை கலைந்தாலும் அந்தக் கணக்கு கலைவதில்லை. நான் ஊர் திரும்பி வேலையில் சேர்ந்துவிட்டேன். 2024-இல் அந்த மக்களவையும் முடிந்தது, எங்கள் எம்.பி.க்கு மறுபடி சீட் கிடைக்கவில்லை, பி.ஏ. சாப் இப்போது வேறொரு எம்.பி.யின் முன்னறையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வெப்சைட்டைத் திறந்து அந்தக் கேள்வி எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை. நேற்றும் பார்த்தேன். இன்னும் திரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.